நடுவர் வீட்டுக் கால்பந்து அகராதி

1

இந்தக் கதைக்கு நான் பொறுப்பில்லை. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மா ஒருவர், கால்பந்து ஆட்டத்தில் அடிபடும் சுருக்கெழுத்துகளுக்கும் சொற்களுக்கும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன். "அதனாலதான் சார் உங்ககிட்ட கேக்கறேன். தெரிஞ்சவங்க எழுதினா யாருக்கும் புரிய மாட்டேங்குது" என்றார். பாராட்டா திட்டா என்று யோசிப்பதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

ஹெச்.டி.: இடைவேளை. எஃப்.டி.: ஆட்டம் முடிந்தது. ஜி.டி.: கோல் வித்தியாசம், அதாவது போட்டதிலிருந்து வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவது. ஓ.ஜி.: தன் கோலுக்குள் தானே அடித்துக்கொள்வது. இதற்கு உதாரணமாக ஒரு மனிதனை

[இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். உதாரணத்துக்கு வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.]

2

அவன் கால்பந்து நடுவர். அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள்.

(முதல் வரைவில் அவளுக்கு வங்கி வேலை கொடுத்திருந்தேன். காலமெல்லாம் கேலரியிலிருந்து "கண்ணாடி போடுடா" என்று திட்டு வாங்கியவன், போயும் போயும் கண்ணாடிக் கடைக்காரியைக் கட்டிக்கொள்வானா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவளை மாற்றினால் எழுந்து போய்விடுவேன் என்கிறான்.)

வீட்டிலும் அவன் சட்டைப்பையில் அட்டைகள் இருக்கும். பால் பொங்கி வழிந்தால் மஞ்சள். சாவியைக் காணோம் என்றால் மஞ்சள். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. கூடத்தின் அந்தக் கோடியில் நின்று அவள் சிரித்துக்கொள்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

ஒருநாள் தெருவில் எதிரே வந்த அவளையே கவனிக்காமல் தாண்டிப் போனான். அவள் கையோடு கடைக்கு இழுத்துப் போய், எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"மூணாவது வரியப் படிங்க."

"அது வரியே இல்ல. வெறும் புள்ளி."

"சரி, ரெண்டாவது."

"பலகைய யாரோ பின்னால தள்ளி வெச்சிருக்காங்க. செல்லாது."

அவள் எல்லா வாடிக்கையாளர்களிடமும் பேசும் அதே குரலில் சொன்னாள்: "உங்களுக்குத் தூரத்துல இருக்கறது தெரியல. கண்ணாடி போட்டே ஆகணும்."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவன் வாசல்வரை பின்னோக்கியே நடந்து, முதுகை நிமிர்த்தி, கையை உயர்த்தி, சிவப்பு அட்டையைக் காட்டினான்.*

* சிவப்பு அட்டை: முரட்டு ஆட்டத்துக்கு மட்டுமல்ல, அவமதிப்பான பேச்சுக்கும் உண்டு. வாங்கியவர் களத்தை விட்டே போய்விட வேண்டும். பதிலுக்கு வேறு ஆளை இறக்க முடியாது. மிச்ச ஆட்டத்தை ஓராள் குறைச்சலாகவே ஆட வேண்டும்.

இத்தனை காலம் அவனோடு குடித்தனம் செய்தவளுக்கு விதி தெரியாதா? கடையைப் பூட்டினாள், பையை எடுத்துக்கொண்டாள், அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

3

மறுநாள் போர்வையை மடிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லை. போர்வையோடு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தான். அவளில்லாமல் அவனுக்கு ஆகாது. ஆனால் கொடுத்த அட்டையைத் திரும்ப வாங்கினால் அவன் நடுவரே அல்ல. ஆகவே அவன்

[ஆகவே அவன் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

எழுதினவரை அனுப்பியிருந்தேன். அந்த அம்மா தொலைபேசியில் வந்தார். "சார், நான் அகராதி கேட்டேன். இதுல ஒருத்தர் போர்வை மடிக்கறாரு."

"வி.ஏ.ஆர். வரப்போகுதும்மா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

4

வி.ஏ.ஆர்.: காணொளித் துணை நடுவர். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை (இரண்டு மஞ்சள் சேர்ந்து வராமல், எடுத்த எடுப்பிலேயே காட்டுவது), ஆள்மாறாட்டம் போன்ற பெரிய விஷயங்களில், களத்து நடுவர் தவறியிருந்தால் காதில் சொல்வார். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. களத்து நடுவரே திரையைப் பார்த்து முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

நேரடிச் சிவப்பு என்று நான் எழுதியதும் அவனுக்கு உயிர் வந்தது. மானம் போகாமல் இறங்கி வர விதியிலேயே வழி இருக்கிறதே. மைத்துனன் வீட்டு வாசலில் போய் நின்று, காற்றில் விரலால் ஒரு கட்டம் வரைந்தான். திரையைப் பார்க்கப் போகிறேன் என்பதற்கு நடுவர்கள் காட்டும் சைகை அது.

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் சிக்கிக்கொண்டவர்களிடம் பேசிப் பழகியவன். "உள்ள வாங்க மாப்ள. கடை கேமரால எல்லாம் பதிவாயிருக்கு" என்று டிவியில் போட்டான்.

நீளமான கூடம். டிவி அந்தக் கோடியில். அதன் பக்கத்து நாற்காலியில் அவள். இந்தக் கோடியில் அவன். திரையில் வெள்ளையாக ஏதோ அசைந்தது, சிவப்பாக ஏதோ எழும்பியது.

"தெரியுதா மாப்ள?"

"கோணம் சரியில்ல மச்சான்."

"இருக்கறதே ஒரு கேமராதான்."

அவள் எழுந்து வந்து, அவன் முன்னாலிருந்த டீப்பாயில் ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்தாள். "போட்டுட்டுப் பாருங்க" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

போட்டுக்கொண்டு பார்த்தால், பார்ப்பதற்கு முன்பே அவன் தோற்றுப்போவான். போடாவிட்டால் பார்க்கவே முடியாது. பார்க்காமல் முடிவை மாற்ற விதி இடம் கொடுக்காது.

(சத்தியமாக இந்த முடிச்சை நான் போடவில்லை. தேநீர் போட எழுந்து போனேன். திரும்பி வந்தால் மூன்று பேரும் இப்படி உட்கார்ந்திருந்தார்கள்.)

5

ஒரு முடிவு: அவன் டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறான். "மறைக்காதீங்க மாப்ள" என்கிறான் மைத்துனன். சிரிப்பு வருகிறது. ஆனால் அவள் வீட்டுக்கு வரவில்லை. வேண்டாம்.

இன்னொரு முடிவு: போட்டுக்கொள்கிறான். அட்டையைத் தூக்கிய கணத்தில் எதிரே இருந்த முகம் திரையில் தெரிகிறது. அத்தனை தூரத்திலிருந்து அவள் முகத்தை அவன் தெளிவாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு மஞ்சள் அட்டைக்கும் இந்த முகம்தான் இருந்ததா என்று

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் அவனுக்காக நானே விசில் ஊதிய மாதிரி ஆகும். நான் காணொளி அறையில் இருப்பவன். காதில் சொல்லலாம், அவ்வளவுதான். களத்தில் நிற்பது நீங்கள்.

அவன் கை டீப்பாயை நோக்கிப் பாதி தூரம் போய் நிற்கிறது. டிவியில் படம் முடிந்துவிட்டது. அந்தக் கோடியில் அவள் அழுகிறாளா, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாளா, கிளம்புவதற்குப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டாளா, அவனுக்குத் தெரியவில்லை. உங்கள் இடத்திலிருந்து தெரியும். கொஞ்சம் பார்த்து அவனுக்குச் சொல்லுங்கள்.