வாக்கி டாக்கியில் கேட்டது

ஒருவர் கழற்றிப் போட்ட ரப்பர் உடையை அடுத்தவர் போடுவதற்குள் மூன்று முறை அலச வேண்டும். முதல் முறை உப்புக்கு, இரண்டாவது மணலுக்கு. மூன்றாவது எதற்கு என்று, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் கடைக்காரர்கள் வெளியே சொல்வதில்லை. குளிர்ந்த கடலில் ஒரு மணி நேரம் துடுப்புப் போடுகிறவர்கள், படிப்பு பதவி வித்தியாசம் பார்க்காமல், உடைக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுவார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் பதினோரு வருடமாக அதை அலசிக் காயப்போட்டு வந்தவள் சின்னவள். உடம்பென்றால் அப்படித்தான் என்று மூக்கைக்கூடச் சுளிக்க மாட்டாள். அருவருப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மணி சுமாருக்கு.

கடை அக்கா தங்கை இருவருடையது. பெரியவள் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள், பெயர் பதிவாள், வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவாள். படகில் விழுந்த விரிசலை ஒட்டுவது, கழுவுவது, சுற்றுலாக் கூட்டம் பெருகினால் கடலுக்குப் போவது எல்லாம் சின்னவள். தினமும் ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி, பெரியவளின் கணவர். சின்னவளுக்கு அத்தான்.

அத்தான் பார்க்க நன்றாக இருப்பார். பேச்சு அதைவிட நன்றாக இருக்கும். கிளம்புமுன் எல்லாரையும் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, படகு கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்று செய்து காட்டுவார். தன் படகை அவர்கள் படகோடு ஒட்டினாற்போல் நிறுத்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கவுந்தா பயப்படாதீங்க. நான் ஒரு கை தூரத்துலதான் இருப்பேன்" என்பார். கேட்கிறவர்களுக்குத் தோள் இறங்கி மூச்சு சீராகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்தார்கள். ஒரு கணவன் மனைவி, அவர்களுடைய நண்பர், அப்புறம் தனியாக வந்த கணக்கு டீச்சர். டீச்சர் முந்தின வருடம்தான் ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். "முப்பத்தஞ்சு வருஷமா கரும்பலகையப் பாத்தாச்சு, இனிமே கடலப் பாக்கலாம்னு வந்தேன்" என்று பெரியவளிடம் சொல்லிச் சிரித்தார்.

போகும்போது கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. திரும்பும்போது காற்று மாறிவிட்டது. கரையில் ஒரு படகின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப்போட்டு விரிசலை ஒட்டிக்கொண்டிருந்தாள் சின்னவள். பக்கத்தில் வாக்கி டாக்கி. கழுத்தில் பைனாகுலர். பாறை முனையைத் தாண்டி மூன்று படகுகள் உள்ளே வந்தன. நாலாவது வரவில்லை. பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். முனைக்கு வெளியே டீச்சரின் மஞ்சள் படகு குப்புறக் கிடந்தது. பக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு தலை. அதற்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில்தான், அத்தானின் சிவப்புப் படகு.

சரி, அத்தான் இருக்கிறார் என்று நினைத்தாள். அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. அவர் தோள் பட்டையில் மாட்டியிருந்த கருவியின் பொத்தான் எதிலோ சிக்கி அமுங்கிக்கொண்டதுபோல. அவர் இவளைக் கூப்பிடவில்லை. அங்கே நடப்பது மட்டும் கேட்டது. முதலில் டீச்சரின் குரல்.

"தம்பி... தம்பி, கைய குடுங்க. தம்பி."

பிறகு அத்தானின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவதுபோல: "கையப் பிடிச்சா என்னையும் சேத்து இழுத்துரும். விடு. போகட்டும்."

அப்புறம் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம், வேகமாக. அவர் மூச்சு வாங்கும் சத்தம். தம்பி, தம்பி என்ற குரல் ஒவ்வொரு துடுப்புக்கும் சின்னதாகிக்கொண்டே போனது.

சின்னவள் ஒட்டு வேலையைப் போட்டது போட்டபடி தன் படகை இழுத்துத் தண்ணீரில் தள்ளினாள். முனைக்கு எப்படிப் போட்டாலும் பத்து நிமிடம். பாதி வழியில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. டீச்சரிடமிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, அத்தான் படகில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு மீன்பிடி விசைப்படகின் எஞ்சின் சத்தம் வந்தது. அத்தான் தலையைத் திருப்பினார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். உடனே படகைத் திருப்பி, பந்தயத்தில் போகிறவர்போலத் துடுப்புப் போட்டு வந்து, தண்ணீரில் குதித்து, டீச்சரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். விசைப்படகு கிட்டே வந்தபோது மீனவர்கள் பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

சின்னவள் போய்ச் சேர்ந்தபோது இருவரையும் மேலே ஏற்றியாகிவிட்டது.

"மனுஷன்னா இவருதாம்மா" என்றார் விசைப்படகுக்காரர். "தன் படகு எங்க போகுதுன்னுகூடப் பாக்கல."

டீச்சர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் அத்தானின் கையை விடவில்லை. இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "நல்லா இருப்பீங்க தம்பி, நல்லா இருப்பீங்க" என்றார். அத்தான் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். சின்னவளைப் பார்த்து, "நீ ஏன் வந்த? நான்தான் இருக்கேனே" என்றார்.

அன்று சாயங்காலம் தொட்டியருகே அவள் உடைகளை அலசிக்கொண்டிருக்கும்போது வாழைப்பழம் உரித்தபடி வந்தார். அவள் நிமிரவில்லை.

"அத்தான், வாக்கி டாக்கி தொறந்தே இருந்துச்சு."

பழம் பாதி வாயில் இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கினார்.

"ஒரு நிமிஷம் என்ன பண்றதுன்னே தெரியல. பயம் யாருக்கு இல்ல சொல்லு? ஆனா திரும்பிப் போனேன்ல?"

"எஞ்சின் சத்தம் கேட்டதும் போனீங்க."

"எப்பவோ போனேன். போனது போனதுதான?"

பயந்ததை அவளால் மன்னித்திருக்க முடியும். கடலில் அவளும் பயந்திருக்கிறாள். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்திருப்பாள். ஆனால் அவர் மிச்சப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தம்மா என்ன வெயிட்டு தெரியுமா? யானை" என்று சொல்லிச் சிரித்தார். மென்ற பழம் பல்லிடுக்கில் தெரிந்தது. சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் உடையை நாலாவது முறையாக அலசினாள்.

விசைப்படகிலிருந்து டீச்சரைத் தாங்கி இறக்கிய அத்தானை, அன்று கூட வந்திருந்த நண்பர் கரையில் நின்று எடுத்த போட்டோ ஊரெல்லாம் சுற்றியது. செய்தியில் வந்தது. கடைக்கு ஓயாமல் போன். அத்தானே வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அவரும் கதையைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றினார். முதல் வாரம் அலை ஆள் உயரம் இருந்தது. மூன்றாம் வாரம் மாடி உயரம் வந்துவிட்டது. சொல்லும்போது நடுவில் ஒருமுறை நிறுத்தி, இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வார். அன்றைக்குச் சுளுக்கியதாம். அவர் தோளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொஞ்ச நாளில் அந்தத் தோள் அவருக்கு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது. பெரியவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர் கரண்டி போட்ட குழம்பில் சின்னவளால் கை வைக்க முடியவில்லை. அவர் துடைத்த துண்டு தெரியாமல் கையில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாள். குளியலறையில் அவர் விட்டுப்போன ஈரக் காலடியை மிதிக்காமல் தாண்டிப் போனாள். இத்தனையும் செய்துகொண்டு, பெரியவள் கேட்டாள் என்று அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி லேமினேட் போட்டுக்கொண்டு வந்ததும் அவள்தான்.

ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டாள். பெரியவள் முன்னறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மடிப்பது நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள் பெரியவள். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. குலுங்கிக் குலுங்கி அழுதாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அந்தம்மா உயிரோடதான இருக்காங்க? நாம யார் குடியக் கெடுத்தோம்? இத்தன வருஷத்துல ரெண்டு மாசத்துக்கு எடம் நெறஞ்சது இப்பதான். நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

"'போகட்டும்'னு சொன்னாருக்கா. அவங்க கைய நீட்டிட்டு இருக்காங்க, இவரு போகட்டும்ங்கிறாரு."

"பயத்துல வாய்ல ஆயிரம் வரும்." பெரியவள் துண்டின் முனையோடு முனை சேர்த்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவினாள். "இந்தா, இத உள்ள வை."

சிறுவயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தன் நெற்றியில் இருந்த கை அது. சின்னவள் துண்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அக்காவின் உள்ளங்கைச் சூடு துண்டில் இருந்தது. அடுக்கிவிட்டு, கையைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

அதற்கு நாலு நாள் கழித்து டீச்சர் வந்தார். கையில் துணியில் சுற்றிய கேடயம். பழைய மாணவர்களைக் கூட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்தில் அத்தானுக்குப் பாராட்டு விழா வைக்கப் போவதாகவும், அதற்குமுன் எழுத்தில் பிழை இருக்கிறதா என்று அவரிடமே காட்டிவிடலாம் என்று வந்ததாகவும் சொன்னார். கடையில் அப்போது சின்னவள் மட்டும்தான். 'தன்னுயிரை எண்ணாமல்' என்று பித்தளையில் பொறித்திருந்ததை வாசித்தாள். அவளுக்கு எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி.

"டீச்சர், உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். டீச்சர் கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டுதா?"

"கரையில எனக்கே கேட்டுது டீச்சர்."

"இதுக்கு ஒரு மாசம் ஆகப் போகுது. நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல?"

சின்னவள் நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் அவள் லேமினேட் போட்ட போட்டோ தொங்கியது. அந்த நிமிடம் தன்மேலேயே அவளுக்கு வந்த குமட்டல், அத்தான்மேல் வந்ததற்குக் கொஞ்சமும் குறைவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றாள். "சொல்லல. மன்னிச்சுக்கங்க."

அதற்குள் அத்தானும் பெரியவளும் வெளியிலிருந்து வந்துவிட்டார்கள். அத்தான் கேடயத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்றார். கை தானாக இடது தோளுக்குப் போயிற்று.

"என்னை விட்டுட்டு எங்க போனீங்க?" என்று கேட்டார் டீச்சர். வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்கும் குரல்.

அத்தான் சின்னவளைப் பார்த்தார். பிறகு பெரியவளை. "உதவி கூப்பிடத்தான் டீச்சர்."

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"அது... நீங்க அப்ப நினைவுல இல்ல. மயக்கத்துல இருந்தீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"முழு நினைவோடதான் இருந்தேன். பயம் தெரியாம இருக்கணும்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு இருந்தேன். நீங்க திரும்பி வரும்போது நானூத்திப் பன்னண்டு. உதவிக்குப் போனா அவ்வளவு நேரம் ஆகும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அத்தான் கையைத் தோளிலிருந்து இறக்கினார். பெரியவள்தான் முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மட்டும் வரலன்னா நீங்க இங்க நின்னு கேள்வி கேக்க முடியுமா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "லைஃப் ஜாக்கெட்டும் விசைப்படகும் இருந்துச்சேம்மா. முடியும்னுதான் நினைக்கிறேன்" என்றார். கேடயத்தை மேசைமேல் வைத்தார். "இத நீங்களே வெச்சுக்கங்க. இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது." விழா கிடையாது என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை.

மறுநாள் காலை சின்னவள் கடையைத் திறந்தபோது அந்தக் கேடயம் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தது. பித்தளைக்குப் பாலீஷ்கூடப் போட்டிருந்தார்கள்.

அவள் அன்றைக்கே தன் பங்குக்கான ஆறு படகுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கடற்கரையின் மறுகோடியில் சும்மா கிடந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். பெரியவள் வாசலில் நின்று பார்த்தாள். "குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டுப் போறியா" என்று மட்டும் கேட்டாள். சின்னவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள்.

டீச்சரும் அவளும் சேர்ந்து துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "ஆள் பொழைச்சிட்டாங்கல்ல, அப்புறம் எதுக்கு" என்றார். ஆள் நான்தான் என்றார் டீச்சர். அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் அத்தான் மீட்புப் பரீட்சையைத் திரும்ப எழுதி, கடலில் செய்தும் காட்ட வேண்டும், அதுவரை ஆள் ஏற்றிப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அத்தான் அந்தப் பரீட்சைக்குப் போகவே இல்லை. சம்பளத்துக்கு இரண்டு வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு, கடை வாசலில் உட்கார்ந்து கதை சொல்கிறார். தோள் வலியால் கடலுக்குப் போக முடியவில்லை என்கிறார். கூட்டம் குறையவில்லை.

கொட்டகையில் சின்னவளுக்கு முதல் ஆள் டீச்சர்தான். கவிழ்ந்த படகில் தானே ஏறப் பழக வேண்டும் என்றார். இடுப்பளவு தண்ணீரில் முதல் நாள் பதினேழு முறை வழுக்கி விழுந்தார். மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மினார். சின்னவள் கிட்டே போனபோதெல்லாம், "தள்ளி நில்லுங்க, நானே ஏறணும்" என்று அதட்டினார். பதினெட்டாவது முறை வயிறு படகின்மேல் கிடக்க, கால் இரண்டும் வெளியே உதைக்க, தவளை மாதிரி ஏறிப் புரண்டு உட்கார்ந்தார்.

"இது எந்தக் கணக்குலயும் வராது" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

இப்போதும் வாரத்தில் இரண்டு மூன்று பேர் வழி தப்பிக் கொட்டகைக்கு வந்து நிற்பார்கள். போனில் போட்டோவைக் காட்டி, "அந்த அம்மாவக் காப்பாத்தினாரே, அவரு கட இதுவா?" என்று கேட்பார்கள். சின்னவள் கை வேலையை நிறுத்தாமல் கடற்கரையின் மறுகோடியைக் காட்டுவாள்.

"நேரா போங்க. வாசல்லயே இருப்பாரு."

அவர்கள் போனதும் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொள்வாள்.