முதுகுப் பக்கத்துத் தகடுகள்

யிபார் துணியை வெந்நீரில் முக்கி, செத்துக் கிடந்த மூத்த மகனின் கவசத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இரும்புத் தகடுகளைக் கோத்திருந்த தோல்வார்கள் ரத்தத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தன. அதைக் கழற்றினால்தான் தோங்காவைக் குளிப்பாட்ட முடியும்.

"அறுத்தா ஆச்சு. எதுக்கு அத்தே நனைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மருமகள் செச்செக். புருஷன் செத்த துக்கத்துக்கு வழக்கப்படி கத்தியால் கீறிக்கொண்ட கன்னத்தில் ரத்தம் இன்னும் கசிந்தது.

யிபார் வாசல் பக்கம் பார்த்தாள். கூடாரத்துக்கு வெளியே இளையவன் குலான் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். போரில் அண்ணன் விட்ட இடத்தில் தம்பி நிற்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் தலாஸ் ஆற்றங்கரைக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. அவன் உடம்பில் கம்பளி அங்கி மட்டும்தான் இருந்தது.

கவசம் யாருக்கு என்று செச்செக்குக்குப் புரிந்துவிட்டது.

"கவசம் இல்லாமப் புதைச்சா இவரு முன்னோருங்க முன்னாடி எப்படி நிப்பாரு? மானம் போயிடாதா?"

"இவனாவது திரும்பி வரணும்டி," என்றாள் யிபார். "ஒண்ணைத்தான் தூக்கிக் குடுத்துட்டேன்."

குலான் வாசல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். "எனக்கு வேணாம்மா. அண்ணன் தொப்பைக்குக் கட்டினது. நான் போட்டா சாக்குக்குள்ள விட்ட எலி மாதிரி இருப்பேன்." சிரிக்கப் பார்த்தான். முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு செச்செக் கத்தியை எடுத்தாள். தோள் வார்களையும் விலா வார்களையும் அறுத்தாள். கவசம் இரண்டாகப் பிரிந்தது.

"மாரு தம்பிக்கு. முதுகு இவருக்கு," என்றாள். "அண்ணன் மாதிரி தம்பியும் முதுகு காட்டி ஓடி வரமாட்டாரு. அவருக்கு முதுகு எதுக்கு?"

மார்பில் ஒரு தகடு அம்பு துளைத்து நெளிந்திருந்தது. யிபார் முதுகுப் பக்கத்திலிருந்து நல்ல தகடொன்றைப் பிரித்து அந்த இடத்தில் கட்டினாள். நெளிந்ததை யாரும் கேட்கவில்லை. அதை அவள் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குளிப்பாட்டிய பின், முதுகுத் தகடுகளைத் தோங்காவின் மார்பின்மேல் பரப்பி வைத்தார்கள். கச்சிதமாக மூடின. காயம் தெரியவில்லை.

ஆற்றுப் பக்கம் முரசு கேட்டது. தொளதொளத்த கவசத்தைச் செச்செக்தான் குலானுக்கு இழுத்துக் கட்டிவிட்டாள்.

"நல்லா இருக்காம்மா?"

"ராசாவாட்டம் இருக்கேடா."

அவன் குதிரையைத் திருப்பினான். முதுகில் வெறும் கம்பளிதான் இருந்தது. மேட்டைத் தாண்டி மறையும்வரை யிபார் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.