கரி எரிக்கத் தடை இல்லை

அனந்தகிருஷ்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் ஷியாமளா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்த மைத்துனன் வாசு உள்ளே வந்தான்.

"எரிக்க விடமாட்டாங்களாம் மன்னி. ஊருக்குள்ள எந்தக் கரியும் எரிக்கக் கூடாதுன்னு ஃபெடரல் மினிஸ்ட்ரி ஆர்டராம். கீழ கையெழுத்து அண்ணாதான்."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. செத்தும் விடாத பிடிவாதம்! விறகே கிடைக்காத இந்த வளைகுடா ஊரில் கரி மூட்டைகளை நம்பித்தான் சுடுகாடு. ஊருக்கு அனுப்புவதென்றால் எத்தனை வாரம் பெட்டியில் கிடப்பாரோ.

சுண்ணாம்புச் சூளையின் நிலக்கரிப் புகையை நிறுத்தத்தான், மத்திய அமைச்சகத்தில் வேலை பார்த்த அவர் அதன் பெயரில் இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதினார். 'எங்கள் மண்ணில் உங்கள் உத்தரவு செல்லாது' என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் நகராட்சியிலிருந்து பதில் வரும். அதை டைப் அடித்தவர் நகராட்சி கிளார்க் செய்கு முகம்மது, காயல்பட்டினத்துக்காரர். வாரம் முழுக்கக் காகிதச் சண்டை. வெள்ளிக்கிழமை மட்டும் இருவருக்கும் இவள் கையால் சாம்பார்.

செய்தி கேட்டு ஓடி வந்த பாய், வாசு சொன்னதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கலாஸ், இவ்வளவுதானே தங்கச்சி. அந்த ஆர்டர் இங்க செல்லாதுன்னு எழுத எனக்குப் பாக்காமலே வரும். கையெழுத்துப் போடுற எங்க மேனேஜர், முதீர், ஒரு மணிக்குக் கிளம்பிருவாரு. இரிங்க, வந்துர்றேன்."

முக்கால் மணி நேரத்தில் கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதங்களோடு திரும்பினார். போலீசுக்கு ஒன்று, அமைச்சகத்துக்கு நகலோடு இரண்டு. ஷியாமளா வாங்கிப் படித்தாள். வழக்கமான அதே வாசகம்தான். மேலே முகவரியில், 'திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு' என்று இருந்தது.

அவள் விரல் நின்ற இடத்தைப் பாய் பார்த்துவிட்டார்.

"அல்லாவே... கைப்பழக்கம் தங்கச்சி. மாத்தி அடிச்சுட்டு வர்றேன்."

"வேண்டாம் பாய். அவருக்குத்தானே எழுதியிருக்கீங்க."

கால் கட்டிக் கிடக்கும் இந்த மனுஷன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாங்க முடியாத பிரியமாக இருந்தது. பேனாவை எடுத்து, கடிதம் கிடைத்ததற்கு அவர் வழக்கமாகக் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை எழுதி, நகலைப் பாயிடம் நீட்டினாள்.

அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வாசுவோடு கரி மூட்டைகளை வண்டியில் ஏற்றப் போனார்.