பின்வயலில் மருந்து வண்டி

"மருந்து வண்டி வந்திருக்கு ரென்ஸ்கா. நம்ம பின்வயல்ல அடிக்கிறான்" என்று ஜன்னலோர நாற்காலியிலிருந்து மென்னோ சொன்னபோது, அவன் மனைவி சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. போன வாரம் மென்னோ படுக்கையறையில் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்தான். அதற்கு முந்தின வாரம், செத்துப்போன அண்ணன் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கைநடுக்க நோய் முற்றினால் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் முகமூடிகூடப் போடாமல் பயிருக்கு மருந்தடித்த ஆள் அவன். அதனால்தான் வந்ததா என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். மென்னோவுக்குச் சந்தேகமே இல்லை. "இந்த மண்ணுல இனி ஒரு சொட்டு விழக்கூடாது" என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினான். மருந்துபடாத நிலம் என்று சான்றிதழ் கிடைக்க இரண்டு வருஷக் காத்திருப்பு; அதில் இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. அந்த மூன்று வாரத்துக்காகத்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்றால் மிகையில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வருது வண்டி."

"வரட்டும் வரட்டும். பின்னாடியே குதிரையும் வருதா பாரு."

வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனைத் திறந்தாள். வயலில் நட்டிருந்த கருவி மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் ஒழுங்காகச் சொல்லிற்று. செயற்கைக்கோள் படத்தில் புல் பச்சைப்பசேலென்று இருந்தது. முந்தாநாள் எடுத்த படம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை யார் படிக்கிறார்கள்?

"எல்லாம் சரியா இருக்கு மென்னோ. போன்லயே தெரியுது."

"போனைப் பாக்காதே! வெளியே பாரு!"

நோய் வந்தபிறகு அவன் குரல் எழும்பியதே இல்லை, அன்று எழும்பிற்று. அப்போதும் அவள் மிச்சக் கிழங்கையும் உரித்து, அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கொல்லைக் கதவைத் திறந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். கட்டின புருஷனின் கண்ணைவிடக் கைபேசி பெரிதாகிவிட்ட காலம், என்னத்தைச் சொல்ல!

பாதி வயல் நனைந்து கிடந்தது. ரப்பர் பூட்ஸ் சேற்றில் வழுக்க வழுக்க ஓடி, வண்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். அது நின்றது. வாடகைக்கு வண்டி ஓட்டும் வூபோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"யாரைக் கேட்டுடா எங்க நிலத்துல அடிக்கிறே? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"உன்னைக் கேட்டுத்தான்" என்றான் வூபோ, குழப்பமாக. "ஏறி வந்து பாரேன்."

அந்தப் பக்கத்தில் கிழங்கு போடுகிறவனும் மாட்டுக்குப் புல் வளர்க்கிறவனும், மண் சலிக்காமலிருக்க, வருஷாவருஷம் நிலத்தை மாற்றிக்கொள்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வயலும் பக்கத்து ரைன்ட்டின் வயலும் ஒரே கிழங்கு வயலாக ஓடியவை. மாற்று முடிந்ததும் ஜனவரியில் எல்லோரும் ஒரு வீட்டில் கூடி, காப்பியும் கேக்குமாக உட்கார்ந்து, வண்டிகள் பார்த்து ஓடும் பழைய எல்லைக் கோடுகளைக் கணினியில் அழிப்பது வழக்கம். மருந்தை விட்டபிறகு ரென்ஸ்கா அங்கே போவதை நிறுத்திவிட்டாள். இனி நமக்கு என்ன வேலை என்று நினைத்தாள். கோடு அழியாமல் அப்படியே கிடந்தது. இன்று ரைன்ட்டின் புல்லைக் கருக்க வந்த வண்டி, பழைய எல்லை வரைக்கும் தானாகவே நடந்திருக்கிறது.

"பழைய எல்லையிலேயே போகட்டுமான்னு மிஷின் உன் போன்ல கேட்டுது. நிலத்துக்காரங்க சரின்னு சொல்லாம அது நகராது" என்று வூபோ திரையைத் தொட்டுக் காட்டினான். அவள் பெயர். காலை ஏழு நாற்பத்திரண்டு. சம்மதம்.

ஏழு நாற்பத்திரண்டுக்கு அவள் மென்னோவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கால் உதறிக்கொண்டே இருந்தது. கிடங்குச் சூடு, பனி எச்சரிக்கை, மண் ஈரம் என்று போன் விடாமல் கத்தியது. நாலாவது தடவை வாய்க்குள் திட்டிக்கொண்டே கட்டைவிரலால் எதையோ அமுக்கினாள்.

"மென்னோவுக்கு முடியாததால நிலத்தை மறுபடியும் ரைன்ட்டுக்கே விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான் வூபோ. "அய்யோ, தெரிஞ்சிருந்தா..."

"இப்ப தண்ணியடிச்சு அலசினா?"

"இலை குடிச்சாச்சு ரென்ஸ்கா. பத்து நாள்ல பழுத்துடும்."

சான்றிதழ் போயிற்று, மறுபடி முதலிலிருந்து இரண்டு வருஷம். மென்னோவிடம் இரண்டு வருஷம் இல்லை. வண்டியை அனுப்பிவிட்டு நடந்தாள். என்னத்தைச் சொல்வது? வண்டி வந்தது என்றால், யார் விட்டது என்று கேட்பான். நான்தான் என்று சொல்லும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

மென்னோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "மருந்து வண்டிதானே?"

"வண்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"உன்னையும் பாத்தேனே. வண்டிக்கு முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு நின்னே."

"நான் கொல்லையில துணி காயப்போட்டுட்டிருந்தேன் மென்னோ."

அவன் சரியென்று தலையை ஆட்டினான். நல்லவேளை, புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுகூடச் சொன்னான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டான். அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம், பாவி.

"நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிடு" என்றான் மென்னோ. "குதிரை வந்தா பரவாயில்லை. உன்னையே இல்லாத இடத்துல பாக்கறேன்னா, நாளைக்கு நீ எதிர்ல வந்து நின்னா நீதான்னு நான் எப்படி நம்பறது?"

அவள் குனிந்து நாற்காலியைத் திருப்பினாள்.