டஸ்டர் வைத்திருப்பவர் பேசலாம்

எழுந்தேன். பால் காய்ச்சினேன். சீருடைக்கு இஸ்திரி போட்டேன். மகளை எழுப்பித் தலை வாரினேன். வகிடு கோணலாக வந்தது. மனைவி இறந்த பிறகு எல்லாக் காலைகளும் இப்படித்தான்.

அன்று அக்கா வந்திருந்தாள். மகளை அக்கா வீட்டிலேயே வைத்து வளர்ப்பதாக முந்தின இரவு பேசி முடித்திருந்தோம். அதாவது அக்கா பேசினாள், நான் தலையாட்டினேன்.

"வாண்டு, இன்னிக்கு ஸ்கூல் வேண்டாம். அத்தை வீட்டுக்குப் போறோம்," என்றாள் அக்கா.

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே அங்கேதான்டி கண்ணு."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் பள்ளிப் பையைத் திறந்து கரும்பலகை துடைக்கும் டஸ்டரை எடுத்தாள்.

"இது எப்படி உன்கிட்ட?" என்றேன்.

"இந்த வாரம் நான்தான் டஸ்டர் லீடர். ரெண்டு பேரும் உக்காருங்க."

மூன்றாம் வகுப்பு டீச்சர் மனித உரிமைப் பாடம் நடத்துகிறாராம். வகுப்பில் எந்த முடிவானாலும் டஸ்டர் கைமாறி வரும். அதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். யாரைப் பற்றிய முடிவோ, அவர் முதலில்.

"நேத்து என்னைப் பத்திப் பேசினப்போ நான் எங்க இருந்தேன்?"

"தூங்கிட்டிருந்தே," என்றேன்.

"அப்போ அது செல்லாது."

"முளைச்சு மூணு இலை விடல, சட்டம் பேசுதே இது!"

"அத்தை, டஸ்டர் உங்க கையில இல்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவால் இத்தனை வருடம் முடியாத காரியம்.

"எனக்கு அத்தை வீடு பிடிக்கும். லீவுக்கு வருவேன். அப்பாவுக்கு வகிடு எடுக்க வராது, சமையலை வாயில வைக்க முடியாது. இருந்தாலும் நான் இங்கதான் இருப்பேன். அவ்வளவுதான். அத்தை, இந்தாங்க."

அக்கா புடவையெல்லாம் சாக்பீஸ் தூள். "உங்கப்பன் ஒரு மரக்கட்டைடி. உனக்கு ஜுரம் அடிச்சா யாரு பாத்துக்குவா?" தும்மினாள். டஸ்டரை என் மடியில் போட்டாள்.

நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. பேசக் கூடாது என்பது விதி. எனக்கு எதுவுமே தோன்றாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஜுரம் வந்தா நான் பாத்துக்குவேன். அவ போறது எனக்குப் பிடிக்கல. இங்கேயே இருக்கட்டும்."

மகள் கை தட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை.

"அடப்பாவி, இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? வாண்டு, எனக்கும் ஒரு டஸ்டர் வாங்கிக் குடுடி. உங்க மாமாவுக்கு வேணும்."

மூவரும் சிரித்தோம். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. மகள் ஒரு ஷூ காலிலும் மற்றது கையிலுமாக ஓடினாள். ஏறியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்.

"அத்தை, நீங்க வேணும்னா இங்கேயே இருந்துடுங்க! ஆனா மாமாவையும் கேக்கணும்!"