இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல; தங்கையிடமிருந்து சுட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இதையும் எழுதித் தொலைச்சிடாத அண்ணா" என்றாள். மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு நேராக மேசைக்கு வந்துவிட்டேன்.

'வானம் நீலமாக இருந்தது. விமானமும் நீலம்தான், ஆனால் பாதி...' [அடித்துவிட்டேன். வானத்தில் தொடங்கும் விமானக் கதையை யார் படிப்பார்கள்?]

'பன்னிரண்டு வருடங்களாக ஒரே விமானத்தில் அயராது...' [பணி ஓய்வுப் பாராட்டுரை மாதிரி இருக்கிறது.]

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2.

தங்கை விமானப் பணிப்பெண். அவள் போவது சின்ன விமானம்: நாற்பத்தெட்டு இருக்கை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி, பணிப்பெண் அவள் ஒருத்திதான். நீங்கள் பெரிய கம்பெனியில் டிக்கெட் எடுப்பீர்கள். விமானத்தின் மேல் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், தண்ணீர்க் குவளையிலும் அதே பெயர். ஆனால் விமானமும் விமானியும் என் தங்கையும் ஒரு சின்னக் கம்பெனியின் சொத்து. சின்ன ஊர்களுக்குத் தானே பறப்பது பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது; சின்னக் கம்பெனிக்குத் தன் பெயரை மாட்டி அனுப்பிவிடும். சின்னக் கம்பெனியின் சொந்தப் பெயர் கதவோரம் சுண்டுவிரல் அளவு எழுத்தில் ஒளிந்திருக்கும். அதை விமானத்துக்குள் மைக்கில் உச்சரிக்கவே கூடாது என்று ஒப்பந்தம். உச்சரித்தால் வேலை போய்விடும். தங்கை கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பன்னிரண்டு வருடத்தில் மூன்று பெரிய கம்பெனிகள் வந்துபோயின. விமானம் மாறவில்லை. அவளுடைய மடக்கு இருக்கையின் கிறீச் சத்தம்கூட மாறவில்லை. சட்டை மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நீலக் கம்பெனியிடமிருந்து சிவப்புக் கம்பெனிக்குக் கைமாற்றம். பெயின்டர்கள் இடப்பக்கத்தைச் சிவப்பாக்கி முடித்தார்கள். வலப்பக்கத்தில் கைவைப்பதற்குள் இன்னொரு விமானம் மக்கர் செய்துவிட்டது. "இருக்கறத அனுப்பு" என்று மேலிடத்து உத்தரவு. ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக அது காலை எட்டு மணிக்கு வெளியே வந்து நின்றது. தங்கை சிவப்புச் சட்டையும் நீல ஸ்கர்ட்டும் போட்டிருந்தாள். [பொய். முழுச் சிவப்புதான். ஆனால் ஸ்கர்ட் நீலமாக இருந்தால் நன்றாக இல்லையா, வாசகரே?]

3.

'படிக்கட்டருகே, முதன்முறையாக விமானம் ஏறும் தள்ளாத முதியவர் ஒருவர்...'

இந்த இடத்தில் தங்கை தாளைப் பிடுங்கிவிட்டாள்.

"எந்த முதியவர்? அவங்களுக்கு அம்பத்திரண்டு வயசு. பேங்க் மேனேஜர். பார்த்தாலே நமக்குக் கை கட்டத் தோணும்."

இரக்கம் சம்பாதிக்கத்தான் முதியவரைக் கூட்டிவந்தேன். அவரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மேனேஜர் வருகிறார்.

வந்தவர் முதல் படியிலேயே நின்றுவிட்டார். "என் டிக்கெட் நீலக் கம்பெனி. இது சிவப்பு. நான் ஏற மாட்டேன்."

"பேர்தான் மேடம் மாறியிருக்கு. பிளேன் அதேதான்."

"கையெழுத்துல ஒரு சுழி மாறினாலே செக்கைத் திருப்பி அனுப்பறவ நான்."

தங்கை யோசிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, விமானத்தின் மூக்கைச் சுற்றி, மறுபக்கம் இழுத்துப் போனாள். எவனோ பீப்பீ என்று விசில் ஊதினான்.

"பாருங்க. நீலம்."

"அப்போ அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சு மேடம். இந்தப் பக்கத்துக்கு இன்னும் ஆகல."

சும்மா வேடிக்கைக்குச் சொன்னது. மேனேஜரின் கண் நிறைந்துவிட்டது.

"எனக்குப் பதினொரு மணிக்குக் கல்யாணம்" என்றார். விமானம் போய் இறங்கும் ஊரில் பதிவு அலுவலகம். மாப்பிள்ளை பல் டாக்டர். "டிக்கெட்ல ஏதாவது தப்பு இருக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன்."

"ஏன் மேடம், அவர் நல்லவர் இல்லையா?"

"நல்லவர்தாம்மா. அதான் பயமே. முப்பது வருஷமா நான் குறை கண்டுபிடிச்சே பழகினவ."

"ஏறுங்க. வேணாம்னாலும் அங்க போய் நேர்ல சொல்லுங்க. இங்க நின்னு பெயின்ட் மேல பழி போடாதீங்க."

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். "நீலப் பக்கம் சீட் குடுப்பியா?"

4.

கொடுத்ததுதான் வினை. அவருக்கு இடம் விட்டுக்கொடுத்தவர் ஏன் என்று கேட்டார். மேனேஜருக்குப் பொய் வராது, டிக்கெட் நீலத்துக்கு, அந்தப் பக்கம் சிவப்பு என்று காரணத்தைச் சொன்னார். நிமிஷத்தில் செய்தி பரவி, எல்லாரும் வலப்பக்கம் நெருக்கியடித்தார்கள். ஒரு இருக்கையில் இரண்டு பேர். "அந்தப் பக்கம் ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று ஒருவர் சட்டம் பேசினார்.

கேப்டன் வெளியே வந்து பார்த்தார். "எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்தா ஊர் போய்ச் சேர மாட்டோம். வட்டமடிச்சு இங்கயேதான் வருவோம்."

[விமானவியல் படித்தவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அவர் கோபத்தில் சொன்னது.]

இன்னும் ஐந்து நிமிஷத்தில் கிளம்பாவிட்டால் பயணமே ரத்து. தங்கை மைக்கை எடுத்தாள்.

"பன்னிரண்டு வருஷமா உங்களைக் கூட்டிட்டுப் போறது நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல" என்றவள், சொல்லக் கூடாத அந்தப் பெயரை முழுசாக, நிறுத்தி, சொன்னாள். [இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "ஒரு தடவை மாட்டினது போதும்" என்றாள்.] "இந்தக் கேப்டனும் நானும்தான் உங்களுக்கு. எங்களை நம்பினா அவங்கவங்க சீட்ல உட்காருங்க. பெயின்ட்டை நம்பினா இறங்கி பெயின்டரோட போங்க."

முதலில் எழுந்தது மேனேஜர்தான். சிவப்புப் பக்கம் போய் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். மற்றவர்களும் முணுமுணுத்தபடி நகர்ந்தார்கள்.

5.

சட்டம் பேசியவர் புகார் எழுதினார். தங்கைக்கு வேலை போயிற்று என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். பெரிய கம்பெனிகள் இரண்டும் சேர்ந்து விசாரணை வைத்தன.

விமானம் அன்று தங்களுடையது அல்ல என்றது நீலம். பூசி முடிக்காத விமானம் எப்படித் தங்களுடையதாகும் என்றது சிவப்பு. கடைசியில் ஒரு அதிகாரிக்கு மூளை வேலை செய்தது.

"எந்தப் பக்கம் நின்னு பேசினீங்க?"

"நடுவுல சார்."

கோப்பை மூடிவிட்டார்கள். தங்கை இன்றும் பறக்கிறாள்.

6.

மேனேஜர் என்ன ஆனார்?

தங்கை அவரோடு வெளிவாசல்வரை நடந்தாள். அங்கே ஆள் கிட்டே போனால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. வெளியே பல் டாக்டர், 'மேனேஜர் மேடம்' என்று எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் ஓரடி வைத்தார்; கதவு திறந்தது. பின்வாங்கினார், மூடியது. மறுபடி திறந்தது. அதற்குள் கேப்டன் கூப்பிட, தங்கை ஓடிவிட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கென்ன தெரியும்?"

நான் விடவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக ஒரு முடிவு எழுதினேன், சர்க்கரை தூக்கல். அடுத்த விமானத்திலேயே திரும்புவதாக இன்னொன்று. தங்கை இரண்டையும் படித்தாள்.

"உன் கதை முடியணும்னு அவங்க வாழ்க்கையை ஏன் அவசரப்படுத்தற?"

நியாயம். மேனேஜரை அந்தக் கதவின் முன்னாலேயே விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். கதவு திறக்கிறது. மூடுகிறது. அவருக்குப் பின்னால் பெட்டியோடு நிற்பது நீங்கள்தான், வாசகரே. கொஞ்சம் பேசிப் பார்க்கலாம், பொறுமை இருந்தால் பேசாமலும் நிற்கலாம். தள்ளிவிட மட்டும் வேண்டாம்.