மூன்றாம் வரியின் உரிமையாளர்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, பன்னிரண்டு நாள் இருக்கும்போது கலியாணசுந்தரம் அண்ணன் என்னைத் திருடன் என்றார். "நீங்க திருடன்" என்றார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதையும் வந்துவிடும்.

விஷயம் ஒரு மெட்டு. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வாலிபர் மன்றம் சுதந்திரப் பாட்டுப் போட்டி வைத்திருந்தது. ஒரே நிபந்தனை, மெட்டு சொந்தமாக இருக்க வேண்டும். பெயர் கொடுத்த பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் நிபந்தனையைப் படித்ததும் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நகராட்சிக் குமாஸ்தாவான அண்ணன் வாங்கவில்லை. ஜெயித்தால் பாட்டு அவர் பெயரோடு அச்சாகும். நாற்பது வயதுவரை அவர் பெயர் அச்சானது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

நான் ஆர்மோனியம். அண்ணன் வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, ஆகஸ்ட் வெயிலில் வெந்துகொண்டு ஒத்திகை பார்த்தோம். அன்று ரொட்டிக்காரர் சிஹாபுதீன் சைக்கிளில் போனார். அதே மெட்டை விசிலடித்துக்கொண்டு போனார்.

"வீட்ல இருந்தது ரெண்டு பேர். நான் யார்கிட்டயும் சொல்லல. மிச்சம் யாரு?"

"எனக்கு விசிலே வராதுண்ணே."

"பழகியிருப்பீங்க."

பிறகு சட்டம் பேசினார். "எழுதினவன் உயிரோட இருக்கிற வரைக்கும், செத்து அம்பது வருஷமும் உரிமை அவனுக்குத்தான். வெள்ளைக்காரன் சட்டம்."

"வெள்ளைக்காரன் முப்பத்தொண்ணாந்தேதி போறானே. சட்டத்தை வச்சுட்டுப் போறானா, எடுத்துட்டுப் போறானா?"

அண்ணன் அதையும் சந்தேகப்பட்டார்.

மறுநாள் காலை சைக்கிளை மறித்தோம்.

"பாய், இந்த மெட்டை யார் குடுத்தா?"

"மெட்டை யாராச்சும் குடுப்பாங்களாண்ணே? சும்மா கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"எங்க கெடந்துச்சு?"

"உங்க பின்வீட்ல. ருக்மணி அக்கா சம்பாலுக்கு மொளகா இடிக்கிறப்பப் பாடுவாங்க."

ருக்மணி அக்கா மலாக்கா செட்டி. பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். அண்ணன் போலீஸ்காரர் மாதிரி மலாயில் விசாரித்தார். அந்த அம்மாள் உலக்கையை நிறுத்தாமல், அண்ணன் வீட்டுக் குளியலறையைக் கைகாட்டினார். தினமும் காலையில் அங்கிருந்துதானே வருகிறது?

எல்லா ஜன்னலையும் சாத்தினோம். குளியலறைக்குச் சுவரே பாதிதான்.

"மன்னிச்சிடு தம்பி" என்றார் அண்ணன். மரியாதை போனதில் எனக்கு நிம்மதி.

ருக்மணி அக்கா விடவில்லை. மூன்றாவது வரி நொண்டியது, நானே சரிசெய்துவிட்டேன் என்று பாடிக் காட்டினார். அண்ணனின் வரி இறங்கும் இடத்தில் இது ஏறியது. அண்ணன் இன்னொரு தடவை பாடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. அவர் முகம் வாடிவிட்டது.

திரும்பும்போது, "என்னோட மெட்டுதானே, தம்பி. ஒரே ஒரு வரி" என்றார்.

"நேத்து இதுக்குத்தானே என்னைத் திருடன்னீங்க?"

அண்ணன் பாதி வழியில் திரும்பிப் போய் அனுமதி கேட்டார். "பாட்டுக்குமா அனுமதி?" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

மனுவில் இரண்டு பெயரும் எழுதினோம். மன்றச் செயலாளர் மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சொந்த மெட்டுன்னா ஒருத்தர் சொந்தம். ரெண்டு பேர்னா அது கம்பெனி. ஒண்ணை அடிங்க."

அண்ணன் பேனாவை வாங்கினார். பிறகு ருக்மணி பெயரை அடித்தார். "அப்ப அந்த வரியையும் பாடமாட்டேன்" என்றார். பழைய வரியையே பாடலாமே என்று கேட்டேன். அது இப்போது தொண்டையிலிருந்து வர மறுக்கிறதாம்.

போட்டியன்று மேடையில் இரண்டு வரி பாடினார். மூன்றாவது வந்ததும் வாயை மூடினார். நானும் கையை எடுத்தேன். சபை அமைதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சிஹாபுதீன் பன்னிரண்டு நாளாக அதை விசிலடித்துக்கொண்டே ரொட்டி போட்ட ஊர் அது. முன்வரிசை முனகியது. பின்வரிசை பாடியது. பெண்கள் பக்கம் இன்னும் சத்தமாகப் பாடியது.

செயலாளர் எழுந்தார். "யாரோடது இந்த வரி?"

எல்லா வாயும் மூடிக்கொண்டன. பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு ருக்மணி அக்கா எழுந்தார். "சாயா" என்றார். மலாயில் நான்தான் என்று அர்த்தம்.

"ஆமா, அவங்களோடதுதான்" என்றார் அண்ணன், மேடையிலிருந்து.

செயலாளர் அண்ணனின் பெயரை அடித்தார். நிபந்தனை நிபந்தனைதான். பரிசு மிஞ்சியிருந்த ஒரே போட்டியாளரான புக்கிட் பாரு மருதமுத்துவுக்குப் போனது. அவருடைய சொந்த மெட்டை நான் போன மாதம் ஓர் இந்திப் படத்தில் கேட்டிருந்தேன். நடுவர்கள் இந்திப் படம் பார்ப்பதில்லை.

"சொல்லிடலாமாண்ணே?" என்றேன்.

அண்ணன் காதில் விழவில்லை. அவர் பெண்கள் பக்கம் போய், நாலாவது வரியில் ஏதாவது கோளாறு உண்டா என்று ருக்மணி அக்காவிடம் பயந்து பயந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.